விலங்குகள் தோன்ற ஏன் 300 கோடி ஆண்டுகள் ஆயின?

பூமியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் விலங்குகளின் புதைபடிவங்கள் கடைசி 60 கோடி ஆண்டுகளுக்குள் மட்டுமே கிடைக்கின்றன. இடைப்பட்ட காலம் முழுவதும் உயிர் என்ன செய்துகொண்டிருந்தது, அதன் பிறகு மட்டும் எல்லாம் ஏன் இவ்வளவு விரைந்து நடந்தன என்பதே இங்கே எழும் கேள்வி. உயிரின் வரலாற்றில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கைப் பற்றியது இக்கேள்வி. ஆயினும் பொதுவான நூல்களில் அந்தப் பங்குக்கு ஒதுக்கப்படுபவை இரண்டொரு பக்கங்களே. டைனோசர்களுக்குக் கிடைக்கும் மரியாதை பாக்டீரியாக்களுக்குக் கிடைப்பதில்லை. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விலங்கு வாழ்வதற்கு ஆக்சிஜன் கரைந்த கடலும், உட்கருவும், ஆற்றல் தரும் உள்ளுறுப்பாகிய மைட்டோகாண்ட்ரியாவும் கொண்ட செல்லும் வேண்டும். இவ்விரண்டையும் உண்டாக்கியவை நுண்ணுயிர்களே. அந்த நெடுங்காலம் அதற்குத்தான் செலவாயிற்று. இரண்டில் எது அரிய நிகழ்வு என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. செல்தான் என்பது என் எண்ணம். அதற்கான காரணத்தை இறுதியில் கூறுகிறேன்.

இத்தனை கோடி ஆண்டுகளை எப்படி அளக்கிறார்கள் என்ற ஐயம் இயல்பாகவே எழும். ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகைகளை ஐசோடோப்புகள் என்பர். யுரேனியம் 238 என்ற ஐசோடோப்பில் பாதி ஈயமாக மாற 447 கோடி ஆண்டுகள் ஆகும். பாறைக்குழம்பு குளிரும்போது உருவாகும் சிர்கான் என்ற சிறு படிகம் யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏற்காது. ஆகவே பிற்காலத்தில் அதனுள் காணப்படும் ஈயம் முழுவதும் யுரேனியம் சிதைந்து உண்டானது என்று கொண்டு, இரண்டின் விகிதத்திலிருந்து படிகத்தின் வயதைக் கணக்கிடலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் மலைப்பகுதியில் கிடைத்த சிர்கான் படிகங்களுள் மிகப் பழையது 440 கோடி ஆண்டுகள் பழமையானது. பூமியின் வயதை அமெரிக்காவின் கிளேர் பாட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தைக் கொண்டு கணித்து 1956இல் வெளியிட்டார். அவர் தந்த 455 கோடி ஆண்டுகள் என்ற கணக்கு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. புதைபடிவம் உள்ள படிவுப் பாறையின் வயதை நேரடியாக இப்படி அளப்பது அரிது. அதற்கு மேலும் கீழும் படிந்த எரிமலைச் சாம்பல் அடுக்குகளை அளந்து, இடைப்பட்ட காலத்தை வரையறுப்பதே வழக்கம்.

ஜாக் மலைச் சிர்கான்களின் ஆக்சிஜன் ஐசோடோப்புகள், 430 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் மேற்பரப்பில் நீர் இருந்திருக்க வேண்டும் எனக் காட்டுகின்றன. உயிர் எப்போது வந்தது என்பதில் அவ்வளவு தெளிவு இல்லை. கிரீன்லாந்தின் இசுவா பகுதியில் உள்ள, 370 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பாறைகளில் எடை குறைந்த கார்பன் ஐசோடோப்பு மிகுந்து காணப்படுகிறது. உயிர்கள் கார்பனை உட்கொள்ளும்போது எடை குறைந்ததையே அதிகம் எடுத்துக்கொள்வதால், இது உயிரின் தடயம் எனப் பலர் கருதுகின்றனர். நுண்ணுயிர்கள் எழுப்பும் அடுக்குப் பாறைகளை ஸ்ட்ரோமடோலைட் என்பர். அதே பகுதியில் 2016இல் அறிவிக்கப்பட்ட, ஸ்ட்ரோமடோலைட் போன்ற கூம்பு வடிவங்கள் பாறை அழுந்தி மடிந்ததால் ஏற்பட்டவையே என்று 2018இல் வேறொரு குழு மறுத்தது. ஐயத்துக்கு ஓரளவு அப்பாற்பட்ட சான்றுகள் ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் கிடைக்கின்றன. அங்குள்ள 348 கோடி, 343 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில், நுண்ணுயிர்ப் படலங்கள் மணலையும் சுண்ணத்தையும் அடுக்கடுக்காகப் பிடித்து எழுப்பிய ஸ்ட்ரோமடோலைட்டுகள் உள்ளன. எனவே, பூமி குளிர்ந்து கடல் நிலைபெற்ற பின் சில பத்துக் கோடி ஆண்டுகளுக்குள் உயிர் தோன்றிவிட்டது என்று கொள்வதில் தவறில்லை. தாமதம் தொடக்கத்தில் ஏற்படவில்லை. தொடங்கிய பிறகுதான் ஏற்பட்டது.

அந்தத் தொடக்ககால உலகில் இன்றைய விலங்கு எதுவும் சில நிமிடங்கள்கூடப் பிழைத்திருக்காது. காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. சூரியன் இன்றைய ஒளியில் 70 முதல் 75 சதவீதம் மட்டுமே தந்தது. இருந்தும் கடல் உறையாமல் இருந்ததற்குக் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்கள் மிகுந்திருந்ததே காரணமாக இருக்கலாம். இரும்பு கடல்நீரில் கரைந்து கிடந்தது. உயிர்கள் ஹைட்ரஜன், கந்தகம், இரும்பு ஆகியவற்றின் வேதிவினைகளிலிருந்து ஆற்றலைப் பெற்றன. சில ஒளியைப் பயன்படுத்தின என்றாலும் நீரைப் பிளக்கவில்லை.

நீரைப் பிளக்கும் ஒளிச்சேர்க்கையைக் கண்டடைந்தவை சயனோபாக்டீரியா எனப்படும் நீலப்பச்சை நுண்ணுயிர்கள். உயிரின் வரலாற்றில் வேதியியல் அடிப்படையில் இதற்கு ஈடான புதுமை வேறில்லை என்பேன். நீர் எங்கும் உள்ளது, ஒளி எங்கும் உள்ளது, ஆகவே இந்த முறையைக் கைக்கொண்ட உயிருக்கு மூலப்பொருள் பஞ்சமே இல்லை. அதன் கழிவாக வெளிவந்ததுதான் ஆக்சிஜன். வெளிவந்த ஆக்சிஜனைக் கடலில் கரைந்திருந்த இரும்பும் எரிமலை வாயுக்களும் நெடுங்காலம் விழுங்கிக்கொண்டிருந்தன. இன்று உலகின் உருக்காலைகளுக்குச் செல்லும் இரும்புத் தாதுவில் பெரும்பகுதி, அந்தக் காலக் கடலடியில் படிந்த பட்டைபட்டையான இரும்புப் பாறைகளிலிருந்தே வருகிறது. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுங்குவோரைவிட வழங்குவோர் மிகுந்தனர். காற்றில் ஆக்சிஜன் தங்கத் தொடங்கியது.

இதற்கான சான்று மிக அழகானது. ஆக்சிஜனும் அதனால் உண்டாகும் ஓசோனும் இல்லாத காற்றில், புற ஊதாக்கதிர் கந்தக வாயுக்களைப் பிளக்கும்போது கந்தகத்தின் ஐசோடோப்புகள் வழக்கமான விகிதத்திலிருந்து விலகிப் பிரிகின்றன. 2000ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஃபார்குவாரும் அவர் குழுவினரும் பழைய பாறைகளை ஆராய்ந்தபோது, இந்த விலகல் மிகப் பழைய பாறைகளில் தெளிவாக இருப்பதையும் பின்னர் மறைந்துவிடுவதையும் கண்டனர். ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் பைரைட், யுரேனினைட் என்ற கனிமங்களின் மணிகள் பழைய ஆற்றுப் படிவுகளில் உருண்டு கிடப்பதும், அதன் பின் அவை அற்றுப்போய்ச் செந்நிற மண் படிவுகள் தோன்றுவதும் அதே காலத்தைச் சுட்டுகின்றன. ஆக்சிஜன் பெருகியதால் மீத்தேன் அழிந்து வெப்பம் குறைந்து, அக்காலத்தில் ஒரு கடும் பனியுகம் நேர்ந்தது என்ற விளக்கமும் உண்டு. ஆனால் ஆக்சிஜன் வந்தது என்பதால் இன்றைய 21 சதவீதம் வந்துவிட்டதாக எண்ணக் கூடாது. அதன் பிறகும் 150 கோடி ஆண்டுகளுக்கு மேல் அதன் அளவு இன்றைய அளவில் ஒரு சிறு பகுதியாகவே இருந்தது. ஆழ்கடலின் பெரும்பகுதி ஆக்சிஜன் அற்றே கிடந்தது.

அடுத்த திருப்பம் செல்லுக்குள் நிகழ்ந்தது. பாக்டீரியாவைப் போலவே எளிய அமைப்புடைய, ஆனால் பரம்பரையால் முற்றிலும் வேறான ஆர்க்கியா என்ற வகையின் உயிர் ஒன்று, ஆக்சிஜனைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியா ஒன்றைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. உள்ளே தங்கிய பாக்டீரியாவின் வழித்தோன்றலே மைட்டோகாண்ட்ரியா. லின் மார்குலிஸ் 1967இல் இதை விரிவாக எடுத்துரைத்தபோது ஏற்றவர் சிலரே. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்களைப் படிக்க முடிந்த பின்னர் மறுப்பு அடங்கிவிட்டது. இணைத்துக்கொண்ட ஆர்க்கியாவின் உறவினர்கள் நெடுநாள் தெரியாமல் இருந்தனர். ஆர்க்டிக் கடலடியில் லோகியின் கோட்டை எனப்படும் வெந்நீர் ஊற்றுகளுக்கு அருகில் எடுத்த சேற்றில் அவற்றின் மரபணுக்கள் இருப்பது 2015இல் அறிவிக்கப்பட்டது. ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆழ்கடல் சேற்றிலிருந்து அத்தகைய உயிர் ஒன்றை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து 2020இல் முடிவை வெளியிட்டனர். அது இரட்டிப்பாவதற்கே 14 முதல் 25 நாட்கள் ஆகும் என்பதைப் படிக்கும்போது அவர்களின் பொறுமையை வியக்காமல் இருக்க முடியவில்லை. அந்த உயிர் தனித்து வளர்வதில்லை; அது வெளிவிடும் ஹைட்ரஜனை உண்ணும் துணை உயிர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதன் உடலிலிருந்து நீண்ட இழைகள் கிளைத்து நீள்கின்றன. பழைய இணைப்பு எத்தகைய சூழலில் தொடங்கியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு இதுவரை கிடைக்கவில்லை.

ஆக்சிஜனைப் பயன்படுத்திச் சர்க்கரையை முழுதும் எரிக்கும் செல், நொதித்தலை மட்டும் நம்பும் செல்லைவிட ஏறக்குறைய பதினைந்து மடங்கு ஆற்றல் பெறுகிறது. அந்த ஆற்றலை உண்டாக்கும் படலம் செல்லுக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பெருகும்போது, பெரிய உடலையும் பெரிய மரபணுத் தொகுதியையும் தாங்க முடிகிறது. ஒன்றை ஒன்று விழுங்கி உண்பதும் இத்தகைய செல்லாலேயே இயல்கிறது. பாக்டீரியாக்கள் உணவை வெளியே கரைத்து உறிஞ்சுகின்றன. இரையை முழுதாக உள்ளே இழுத்துக்கொள்வது அவற்றிடம் வழக்கமாகக் காணப்படுவதில்லை. வேட்டையாடுதல், தப்பித்தல் என்ற உறவுமுறை இங்கேதான் வேர்விடுகிறது.

உட்கருவுடைய செல்களின் ஐயமற்ற புதைபடிவங்கள் ஏறக்குறைய 165 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளிலிருந்து தொடங்குகின்றன. கனடாவின் ஆர்க்டிக் தீவுகளில் கிடைத்த பாங்கியோமார்ஃபா என்ற செந்நிறப் பாசி 105 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பல செல்களும், பாலினப் பெருக்கத்துக்குரிய தனிச் செல்களும் அதில் காணப்படுகின்றன. ஆக, செல் தயாராகிவிட்டது, பல செல் உடலும் வந்துவிட்டது. ஆனாலும் விலங்கு இல்லை. 180 கோடி முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் வரையிலான இந்தக் காலத்தை நிலவியலாளர்கள் சற்றுக் கேலியாகச் 'சலிப்பூட்டும் நூறு கோடி ஆண்டுகள்' என்பர். தட்பவெப்பத்திலும் கார்பன் சுழற்சியிலும் பெரிய அசைவு இல்லை. கடலில் பாஸ்பரஸ் முதலிய சத்துகள் குறைவாக இருந்ததால் பாசிகள் பெருக முடியாமல் பாக்டீரியாக்களே கடலை ஆண்டன என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

இந்தத் தேக்கம் உடைந்த விதம் வியப்பானது. 71.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஒரு பனியுகம் ஏறக்குறைய 5.7 கோடி ஆண்டுகள் நீடித்தது. சிறு இடைவெளிக்குப் பின் வந்த இன்னொன்று 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. இவற்றில் பனிப்பாறைகள் நிலநடுக்கோட்டுக்கு அருகிலும் கடல் மட்டம்வரை இறங்கியிருந்தன என்பதை, அங்கே படிந்த பாறைகளின் காந்தத் திசை காட்டியது. ஜோசப் கிர்ஷ்விங்க் 1992இல் இதற்குப் பனிப்பந்து பூமி என்று பெயரிட்டார். பால் ஹாஃப்மனும் அவர் குழுவும் நமீபியாவில் பனிப் படிவுகளுக்கு நேர் மேலே தடித்த சுண்ணப் படிவுகள் இருப்பதை 1998இல் விளக்கினர். பனி மூடிய காலத்தில் எரிமலைகள் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு பாறைகளோடு வினைபுரிய வழியின்றிக் காற்றில் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் வெப்பம் திடீரென ஏறிப் பனி உருகிற்று. அமில மழை பாறைகளைக் கரைத்துக் கடலுக்குள் சுண்ணத்தைக் கொட்டியது. அதே வேகத்தில் பாஸ்பரஸும் கடலுக்குள் சென்றது. இரு பனியுகங்களுக்கும் இடைப்பட்ட பாறைகளில், பாசிகளுக்கே உரிய கொழுப்பு மூலக்கூறுகள் பாக்டீரியாக்களின் மூலக்கூறுகளை மிஞ்சிப் பெருகுவதை 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். பாசிகள் பாக்டீரியாக்களைவிடப் பெரியவை. அவற்றை உண்பதற்கும், உண்பவற்றை உண்பதற்கும் இடம் உண்டாயிற்று. ஆக்சிஜன் மட்டுமே பூட்டைத் திறந்தது என்று எழுதுவோர் இந்த உணவுச் சங்கிலியைக் கவனிப்பதில்லை. டென்மார்க் கடலில் எடுத்த ஒரு கடற்பஞ்சு, இன்றைய ஆக்சிஜன் அளவில் 4 சதவீதத்துக்கும் குறைவான நிலையில் உயிர்வாழ்ந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. மிக எளிய விலங்குக்குக் கொஞ்சம் ஆக்சிஜனே போதும். ஓடித் துரத்தும் விலங்குக்குத்தான் நிறைய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் சிக்கலான உடல்கள் 57.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பாறைகளில் முதலில் தோன்றுகின்றன. இக்காலத்துக்குப் பெயர் தந்த ஆஸ்திரேலியாவின் எடியாகரா குன்றுகளில் நிலவியலாளர் ரெக் ஸ்ப்ரிக் 1946இல் விசித்திரமான பதிவுகளைக் கண்டபோது, அடுத்து வந்த கேம்பிரியன் என்ற காலத்துக்கு முன் விலங்குகளே இல்லை என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்ததால் அவர் கூற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. 1957இல் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் பள்ளிச் சிறுவர்கள் கண்டெடுத்த சார்னியா என்ற புதைபடிவம், உறுதியாகக் கேம்பிரியனுக்கு முற்பட்ட பாறையில் இருந்ததால் அந்த எண்ணம் தகர்ந்தது. இலை போன்றவை, தட்டு போன்றவை எனப் பல வடிவங்கள். பெரும்பாலானவற்றுக்கு வாய் இல்லை, கால் இல்லை. இவை விலங்குகள்தானா என்ற நெடிய விவாதத்தில், தட்டு வடிவ டிக்கின்சோனியாவைப் பொறுத்தவரை 2018இல் முடிவு ஏற்பட்டது: ரஷ்யாவின் வெண்கடல் கரையில் கிடைத்த, 55.8 கோடி ஆண்டுப் பழமையான அதன் உடலில் விலங்குகளுக்கே உரிய கொலஸ்டிரால் மூலக்கூறின் எச்சம் எஞ்சியிருந்தது.

53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் கேம்பிரியன் தொடங்குகிறது. அதன் எல்லையை வரையறுப்பது ஓர் உடலின் புதைபடிவம் அன்று. சேற்றுக்குள் துளைத்துத் திரும்பித் திரும்பிச் சென்ற ஒரு விலங்கின் தடம். அதுவரை நுண்ணுயிர்ப் படலம் மூடியிருந்த கடலடி கிளறப்பட்டு, ஆக்சிஜன் உள்ளே புகுந்தது. அடுத்த இரண்டு, இரண்டரைக் கோடி ஆண்டுகளில் இன்றைய விலங்குத் தொகுதிகளில் பெரும்பாலானவை புதைபடிவங்களில் முகம் காட்டிவிடுகின்றன. சீனாவின் செங்ஜியாங்கிலும், சார்லஸ் வால்காட் 1909இல் கண்டறிந்த கனடாவின் பர்ஜெஸ் பாறைகளிலும் மென்மையான உடல்கள்கூட அப்படியே பதிந்துள்ளன. அனோமலோகாரிஸ் என்ற வேட்டை விலங்கின் கண் ஒவ்வொன்றிலும் 16,000க்கு மேற்பட்ட சிறு வில்லைகள் இருந்ததை ஆஸ்திரேலியப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. பார்க்கும் வேட்டைக்காரன் வந்த பின் இரைக்கு ஓடு, முள், வளை ஆகியவை வேண்டியிருந்தன. ஒன்றின் மாற்றம் மற்றதன் மாற்றத்தைக் கட்டாயமாக்கியது. வேகத்துக்குக் காரணம் கேட்டால் இதையே முதன்மையாகச் சொல்வேன். இதோடு ஒரு திருத்தமும் தேவை. மரபணு வேறுபாடுகளைக் கொண்டு செய்யும் கணக்கு, விலங்குகளின் கிளைகள் கேம்பிரியனுக்குப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரியத் தொடங்கியதைக் காட்டுகிறது. கடினமான ஓடுகள் எளிதில் புதைபடிவமாகும். மென்மையான சிறு உடல்கள் ஆகா. கேம்பிரியன் வெடிப்பு எனப்படும் இந்தத் திடீர்ப் பெருக்கமாக நமக்குத் தோன்றுவதில் ஒரு பகுதி, ஓடுகள் வந்ததால் பதிவு தெளிவானதன் விளைவு.

நிலத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நிலத் தாவரங்களின் விதைத்தூள் போன்ற நுண்வித்துகள் 47 கோடி ஆண்டுப் பாறைகளில் தோன்றுகின்றன. 40.7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் தாவரம், பூஞ்சை, கணுக்காலி என ஒரு முழுச் சதுப்புநிலமே செல் தெரியும் அளவுக்குப் பதிந்திருக்கிறது. 38 கோடி ஆண்டுகளுக்கு முன் காடுகள் இருந்தன. மணிக்கட்டும் கழுத்தும் கொண்ட மீனாகிய டிக்டாலிக் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் அது கிடைத்தது தற்செயல் அன்று, அந்த வயதுடைய ஆற்றுப் பாறைகளைத் தேடிச் சென்றே கண்டுபிடித்தனர். அடுத்து வந்த கார்போனிஃபெரஸ் காலத்தில் சதுப்புக் காடுகள் அழுகாமல் புதைந்து நிலக்கரியாயின. புதைந்த கார்பனுக்கு ஈடாகக் காற்றில் ஆக்சிஜன் மிகுந்து, 30 சதவீதத்தை எட்டியிருக்கலாம் என்று கணிப்புகள் கூறுகின்றன. இறக்கை விரிப்பு 65 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள தும்பி போன்ற பூச்சிகள் அக்காலத்தவை. மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகள் அப்போது இல்லாததால்தான் நிலக்கரி படிந்தது என்ற செய்தி இணையத்தில் மிகப் பரவலாக உலவுகிறது. அந்த விளக்கம் நிற்காது. நிலக்கரிக்கு மூலமான செடிகளில் பல, மட்கக் கடினமான லிக்னின் என்ற மரப்பொருள் குறைந்தவை, வெப்பமண்டல ஈரமும் தாழ்ந்துகொண்டே சென்ற பள்ளத்தாக்குகளும் ஒருங்கே அமைந்ததே போதிய காரணம்.

வளர்ச்சி என்ற சொல்லால் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது என்பதற்கு 25.19 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த, பெர்மியன் என்ற காலத்தின் இறுதி அழிவே போதிய சான்று. சைபீரியாவில் பல லட்சம் ஆண்டுகள் வழிந்த பாறைக்குழம்பின் அளவு பத்து லட்சம் கன கிலோமீட்டருக்கு மேல். குழம்பு மட்டுமே இவ்வளவு கேட்டைச் செய்திருக்காது. நிலத்தடியில் அது ஊடுருவிய இடத்தில் நிலக்கரியும் எண்ணெயும் உப்பும் அடுக்கடுக்காக இருந்தன, அவை வெந்து பெருமளவு கார்பன் வாயுக்களை வெளிவிட்டன. கடலின் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி உயர்ந்தது. வெப்பம் ஏறினால் நீரில் ஆக்சிஜன் கரையும் அளவு குறையும். அதே வேளையில் உடலின் ஆக்சிஜன் தேவை கூடும். விலங்குகளை உண்டாக்க உதவிய அதே வாயு, தேவையும் இருப்பும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தபோது அவற்றைக் கொன்றது. கடல்நீர் அமிலமானதும் சுண்ண ஓடு கட்டும் உயிர்களைத் தாக்கியது. கடல் உயிரினங்களில் 80 முதல் 90 சதவீதம் அழிந்தன. 27 கோடி ஆண்டுகள் தாக்குப்பிடித்த டிரைலோபைட்டுகள் என்ற கடல் கணுக்காலிகள் இதோடு முடிந்தன. சீனாவின் மெய்ஷான் பாறைகளில் எடுத்த அளவீடுகளின்படி, அழிவின் முதன்மைக் கட்டம் ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. அதன் பின் ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகளுக்கு உலகில் எங்கும் நிலக்கரி படியவில்லை, அத்தனை காலம் சதுப்புக் காடுகளே மீளவில்லை.

அந்த வெற்றிடத்திலிருந்து, அடுத்து வந்த டிரையாசிக் காலத்தில் எழுந்தவை டைனோசர்கள். அவற்றோடு கிட்டத்தட்ட ஒரே காலத்தில் தோன்றியவை பாலூட்டிகள். விலங்குகளின் தாமதத்தைக் கேட்கும் எவரும் பாலூட்டிகளின் தாமதத்தையும் கேட்க வேண்டும். ரோமம், வெப்ப இரத்தம், நுண்ணிய செவி எல்லாம் கைவசம் இருந்தும், 13 கோடி ஆண்டுகளுக்கு மேல் அவற்றில் பெரும்பாலானவை எலி, பெருச்சாளி அளவைத் தாண்டவில்லை. சீனாவில் கிடைத்த ரெபெனோமாமஸ் என்ற ஒன்று மட்டும் நாய் அளவுக்கு வளர்ந்து, டைனோசர் குட்டியையும் தின்றிருக்கிறது. அதன் வயிற்றிலேயே அந்தக் குட்டியின் எலும்புகள் இருந்தன. மற்றபடி இடம் காலியாக இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சிறுகோள் மெக்சிகோவின் யுகாடன் தீபகற்பத்தில் மோதிற்று. இத்தாலியின் குபியோவில் அந்தக் காலக் களிமண் அடுக்கில், விண்கற்களில் அதிகம் காணப்படும் இரிடியம் என்ற உலோகம் மிகுந்திருப்பதைக் கண்டு, லூயி ஆல்வாரெஸும் அவர் மகன் வால்ட்டரும் உடன் பணியாற்றியோரும் இந்த மோதலை 1980இல் ஊகித்தனர். யுகாடனில் உள்ள சிக்சுலுப் பள்ளம் அதற்குரியது என்பது 1991இல் அடையாளம் காணப்பட்டது. மோதிய இடத்தில் கந்தகம் மிகுந்த பாறைகள் இருந்தது கூடுதல் கேடு. அவை ஆவியாகி மேலே சென்று ஒளியை மறைக்க, ஒளிச்சேர்க்கை முடங்கி, உயிரினங்களில் நான்கில் மூன்று பங்கு மறைந்தன; டைனோசர்களில் பறவைகள் மட்டும் தப்பின. தக்காணத்து எரிமலைகளும் அக்காலத்தில் குமுறிக்கொண்டிருந்தன என்றாலும், அழிவு மோதலின் அடுக்கோடு அவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதால் சிறுகோளையே முதற்காரணமாகக் கொள்கிறேன். அமெரிக்காவின் கொலராடோவில் தொடர்ச்சியாகக் கிடைத்த எலும்புகள், ஏழு லட்சம் ஆண்டுகளுக்குள் பாலூட்டிகள் 50 கிலோ அளவை நெருங்கிவிட்டதைக் காட்டுகின்றன. திறன் நெடுநாளாக இருந்தது. வாய்ப்பு வந்ததும் வேகம் வந்தது. அதன் பின்னர் திமிங்கிலங்கள் கடலுக்குத் திரும்பியதும், 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவில் பனி நிலைத்ததும், புல்வெளிகள் பரவியதும், மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் போன்ற இடங்களில் மனித இனம் தென்படுவதும் இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியே.

செல்லே அரிய நிகழ்வு என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான். பல செல் உடல் என்பது பாசி, பூஞ்சை, தாவரம், விலங்கு எனப் பல கிளைகளில், குறைந்தது 25 முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது. கண்களும் பலமுறை தனித்துத் தோன்றியுள்ளன. பறத்தல் பூச்சி, டெரோசர் என்ற பறக்கும் ஊர்வன, பறவை, வௌவால் என நான்கு முறை வந்தது. இத்தகையவை, சூழல் அமைந்தால் மீண்டும் மீண்டும் நிகழக்கூடியவை என்று கொள்ளலாம். மைட்டோகாண்ட்ரியாவைத் தந்த இணைப்போ, நாம் அறிந்த உயிர்கள் அனைத்திலும் ஒரே ஒருமுறை நேர்ந்ததன் வழித்தோன்றலாகவே காணப்படுகிறது. இன்றுள்ள எந்த விலங்கும் தாவரமும் பூஞ்சையும் அதற்கு விலக்கன்று. சயனோபாக்டீரியா ஒன்றை உள்ளே சேர்த்துத் தாவரங்களுக்குப் பச்சையத்தைத் தந்த இணைப்பு சற்று எளிது போலும்: நன்னீரில் வாழும் பாலினெல்லா என்ற அமீபா வகை, ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் வேறொரு சயனோபாக்டீரியாவைத் தனியே உள்ளே சேர்த்து ஒளிச்சேர்க்கை உறுப்பாக்கிக்கொண்டது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா ஒன்று, ஒரு கடற்பாசியின் உள்ளே செல்லுறுப்பாகவே மாறிவிட்டது என்ற முடிவு 2024இல் வெளியாயிற்று. பாசி பிரியும்போது அதுவும் உடன் பிரிகிறது, தனக்கு வேண்டிய புரதங்களில் பலவற்றைப் பாசியிடமிருந்தே பெறுகிறது. இந்த இணைப்பும் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமையானது. இவை இரண்டும், ஏற்கெனவே உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் கொண்டிருந்த செல்களுக்குள் நிகழ்ந்தவை.